அய்யாதுரையின் இடது காதும் எழுநூறு கூட்டாளிகளும்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள். நான் சொல்லப்போவது காதைப் பற்றிய கதை. அது போனின் காதில் விழுந்தால், விடிவதற்குள் காது மிஷின் விற்க உங்கள் வீட்டு வாசலில் ஆள் நிற்பான். அப்படி ஆள் வந்து நின்ற ஒரு வீட்டின் கதைதான் இது.

தி.நகரில், ரங்கநாதன் தெருக் கூட்டம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிற ஒரு சந்தில் பங்கஜம் சில்க்ஸ் என்று ஒரு ஜவுளிக்கடை. முதலாளி அய்யாதுரை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்து, துணி மூட்டை தூக்கி, பிறகு துணி விற்று, கடைசியில் மனைவி பெயரில் போர்டு மாட்டியவர். கல்லாவில் அவர் உட்கார்ந்தால்தான் கடைக்குக் களை என்று சொல்வார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சேலையை எந்த விலை வரைக்கும் இறக்கலாம் என்பதை வாடிக்கையாளர் எதிரில் வாய்விட்டுக் கேட்க முடியாதல்லவா? அதனால் விற்பனையாளர் கரீமுல்லா கல்லாப் பக்கம் வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில், அய்யாதுரையின் இடது காதோரம் கடைக்காரர்களுக்கு மட்டுமே புரிகிற ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். அய்யாதுரை தலையை ஆட்டினால் சரி, ஆட்டாவிட்டால் இல்லை. அந்த முணுமுணுப்பிலும் தலையாட்டலிலும்தான் கடையே நடந்தது.

சென்ற தை மாதத்திலிருந்து அந்த இடது காது மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தது. கரீமுல்லா முணுமுணுப்பது காற்று வீசுவது போலக் கேட்டது. "என்னது?" என்று திரும்பக் கேட்கலாம், கேட்டால் வாடிக்கையாளருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். ஆகவே அய்யாதுரை எதற்கும் தலையை ஆட்டிவிடப் பழகினார். அந்தப் பருவத்தில் சேலை எடுத்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகப் போனார்கள்.

சொல்லிவிட்டால் என்ன என்பீர்கள். அவருடைய அண்ணன் கதையை அவர் பார்த்திருக்கிறார். கண் மங்குகிறது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே அவர் பிள்ளைகள் கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "நீங்க இங்க உக்காந்து வர்றவங்களை வாங்க வாங்கன்னு சொல்லுங்கப்பா, போதும்" என்றார்கள். கல்லாவுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஆனால் அந்தப் பக்கம் போனவர் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை. இங்கேயும் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், மூத்தவன் ஆனந்தகுமார் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிவந்து வாசலருகே வைத்திருந்தான்.

"யாருக்குய்யா இந்தச் சேரு?" என்று கேட்டார் அய்யாதுரை.

"வர்றவங்களுக்குப்பா" என்றான் மகன். சொல்லும்போது இடது பக்கமாக நின்றிருந்ததால், அது பாதிதான் கேட்டது. மீதியை அவரே பயந்து நிரப்பிக்கொண்டார்.

அன்று மதியம் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். போனில் 'பட்டணவிளக்கு' என்கிற செய்தித் தளத்தைத் திறந்தார். தினமும் மழையும் தங்கம் விலையும் பார்க்கிற தளம்தான். ஓரத்தில் ஒரு கட்டுரை: 'ஒரு காது மட்டும் மந்தமாவது ஏன்?' தொட்டார்.

கட்டுரை வரவில்லை. ஒரு பலகை வந்து வழியை மறித்தது. 'உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் உயிராக மதிக்கிறோம்' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் இப்படிச் சொல்வது அய்யாதுரைக்குக் கூச்சமாக இருந்தது. கீழே தளதளவென்று பச்சை நிறத்தில் 'ஏற்கிறேன்'. அதற்கும் கீழே, சாம்பலில் எழுதியது போல, 'விருப்பங்களை நிர்வகிக்க'.

வியாபாரி அல்லவா, சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று தெரியும். சாம்பலைத் தொட்டார். உள்ளே எழுநூற்றுச் சொச்சம் கம்பெனிகளின் பெயர்கள். எல்லாரும் பட்டணவிளக்கின் கூட்டாளிகளாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இவருக்கு உங்கள்மீது நியாயமான அக்கறை உண்டு' என்று போட்டு, ஒரு சுவிட்சையும் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். எந்த நாடு என்றே தெரியாத ஊரில் யாரோ ஒருவனுக்கு அய்யாதுரைமேல் நியாயமான அக்கறை. பெற்ற பிள்ளைகளுக்கே அது உண்டா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்த சமயம். கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். பட்டியல் தீரவில்லை. அதற்குள் முகூர்த்தப் புடவைக்கு ஒரு குடும்பம் படியேறி வந்தது. பச்சையை ஓர் அழுத்து அழுத்தி, கட்டுரைக்கு நடுவே 'எந்தக் காது?' என்று கேட்டதற்கு 'இடது' என்று தொட்டுவிட்டு, போனைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு காது வந்தது. பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், நல்ல சிவந்த காது, அதற்குள் முத்துப் போல ஒரு மிஷின்.

"என்னப்பா இது, காது காதா வருது?" என்றான் ஆனந்தகுமார்.

"கரீமுல்லா ஏதாச்சும் பாத்திருப்பாரு."

"என் காதுக்கு என்ன மொதலாளி? பக்கத்துக் கடையில தள்ளுபடி எவ்வளவுன்னு இங்கருந்தே கேக்குது" என்றார் கரீமுல்லா.

வீட்டில் பங்கஜம் டிவியில் சமையல் வீடியோ பார்க்க உட்கார்ந்தால், கடுகு தாளிக்கும் முன்னே ஒரு பெண் வந்து, "உங்கள் வீட்டுப் பெரியவர் கூப்பிட்டால் திரும்புவதில்லையா?" என்று கேட்டாள். பங்கஜம் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அய்யாதுரை நியூஸ் பேப்பருக்குள் இறங்கிவிட்டார். மறுநாள் காலை ஒருவன் பையோடு வாசலில் நின்று, "லெஃப்ட்டுக்கு மட்டும்தானே சார்?" என்றான். தவறான விலாசம் என்று அவனை அனுப்பிவிட்டு, அய்யாதுரை பட்டணவிளக்கின் அடிமட்டம் வரை தடவித் தடவிப் போய், 'வாசகர் அந்தரங்கக் குறைதீர் பிரிவு, ஈக்காட்டுத்தாங்கல்' என்று ஒரு விலாசத்தைக் கண்டுபிடித்தார். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள், ஆனந்தகுமாருக்குத் தெரிவதற்குள், தன் காதைத் திருப்பி வாங்கிவிடவேண்டும் என்று ஆட்டோ ஏறினார்.

லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டிடம். வாசலில் காவல்காரர் ஒரு மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், இன்னா மேட்டரு?"

"கொஞ்சம் அந்தரங்கமான விஷயம்."

"அல்லாரும் அதாஞ் சொல்றாங்கோ. இன்னா அந்தரங்கம்? இந்தக் கட்டத்த காலியா வுட்டா மெசினு கார்டு குடுக்காது."

அய்யாதுரை பின்னால் பார்த்துவிட்டு, "காது" என்றார்.

"எந்தக் காது?"

"அது எதுக்குய்யா உமக்கு?"

"நானா கேக்கறேன் நைனா? மெசினு கேக்குது."

மெஷின் ஒரு படம் எடுத்து அட்டையைத் துப்பியது. அய்யாதுரையின் முகம். கீழே: 'காரணம்: காது (இடது)'. கழுத்தில் மாட்டாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

மேலே ஒரு கூடம். அங்கிருந்த எல்லார் கழுத்திலும் அட்டை. ஒருவர் மார்பில் 'மூலம்', ஒரு பையனுக்கு 'வேலை தேடுதல் (தற்போதைய முதலாளிக்குத் தெரியாது)', மூலையில் ஒரு பெண்ணுக்கு 'விவாகரத்து (யோசனை மட்டும்)'. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் எல்லார் அட்டையையும் படித்துவிட்டார்கள். சுவரில் ஓர் அறிவிப்பு: 'உங்கள் அந்தரங்கம் கருதி இங்கே பெயர்கள் கிசுகிசுப்பாக மட்டுமே அழைக்கப்படும்.'

அப்படியே நடந்தது. பூனை போல ஒருவர் வருவார், கதவோரம் நின்று உதட்டை அசைப்பார், யாராவது எழுந்து போவார்கள். அய்யாதுரைக்குக் காற்று வீசியது. மறுபடி வீசியது. கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பக்கத்து நாற்காலி அம்மாள், மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஷண்முகப்ரியா, கழுத்தில் 'முடி கொட்டுதல்', அவர் முழங்கையைத் தொட்டு உரக்கச் சொன்னார்: "சார், உங்களைத்தான் அப்போலேர்ந்து கூப்பிட்டுண்டிருக்கா. காதுல விழலையா?"

கேட்ட பிறகுதான் அந்த அம்மாளுக்கு அய்யாதுரையின் அட்டையில் இருந்தது நினைவுக்கு வந்தது. "ஐயோ, மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

உள்ளே மாளவிகா என்று ஒரு பெண். அந்தரங்கப் பாதுகாப்பு அலுவலர். மரியாதையான பெண்தான், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அய்யாதுரை வலது காதைத் திருப்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"அழிச்சிடலாம் சார். அது உங்க உரிமை" என்றாள். அய்யாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா அய்யாதுரையோட இடது காது மந்தம்ங்கிற தகவலை அழிக்கணும்னா, நீங்கதான் அந்த அய்யாதுரை, அதுதான் அந்தக் காதுன்னு உறுதி பண்ணணும். இல்லன்னா யாரோ வந்து யாரோட காதையோ அழிச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்துடுங்க."

"காது கேக்கலைன்னா?"

"ஆமா சார்."

"அதை மறைக்கத்தானம்மா இங்க வந்தேன்."

"மறைக்கலாம் சார், முதல்ல நிரூபிச்சிட்டு."

அய்யாதுரை யோசித்தார். "சரி, காது நல்லாத்தான் இருக்கு, நீங்க எழுதி வச்சது தப்புன்னு சொன்னா?"

"அப்ப அது அழித்தல் இல்ல, திருத்தம். அது மேல் மாடி. அங்க திருத்தி, எல்லாக் கூட்டாளிக்கும் அறிவிப்பு போகும். 'தி.நகர் அய்யாதுரையின் இடது காது முன்பு சொன்னதுபோல் மந்தம் அல்ல' அப்படின்னு."

"எல்லாருக்குமா?"

"அழிக்கிறதா இருந்தாலும் எல்லாருக்கும்தான் சார் சொல்லணும். எதை மறக்கணும்னு தெரிஞ்சாத்தானே மறக்க முடியும்?" கேலியே இல்லாத முகத்தோடுதான் கேட்டாள். "அவங்க மறந்துட்டாங்களான்னு வருஷா வருஷம் ஞாபகப்படுத்திக் கேப்போம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, பட்டணவிளக்கின் ஆசிரியர் ராமானுஜம் வந்தார். வெள்ளை ஜிப்பா, வாரி விட்ட வெள்ளை முடி. அந்தரங்கக் குறைக்காக ஒரு பெரியவர் நேரிலேயே வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தன் அறையிலிருந்து இறங்கி வந்திருந்தார். பின்னாலேயே ஒரு கேமரா.

"வாசகர்னா எனக்கு தெய்வம்" என்று தொடங்கினார். "நாங்க வாசகர் தகவலை விக்கறோம்னு வெளியில பேசறா. ஒரு நாளும் வித்ததில்லை சார். பகிர்ந்துக்கறோம். பகிர்ந்துண்ட சந்தோஷத்துல அவா ஏதோ கொடுக்கறா, வேண்டாம்னா மனசு சங்கடப்படும், வாங்கிக்கறோம். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை இந்த ஆபீஸை விட்டு வெளியில போகாது. வெளியில இருக்கறவாளை எல்லாம் நாங்க உள்ள அழைச்சுண்டுடறோம். அதான் கூட்டாளி. உள்ள இருக்கறவாளுக்குச் சொன்னா அது வெளியில போனதா ஆகுமா? சொல்லுங்கோ. உங்க காது மந்தம்னு உங்க ஆத்துக்காரிக்குக்கூடத் தெரியாதுன்னேளாம். எங்களுக்குத் தெரியும். அப்போ யார் உங்களுக்கு நெருக்கம்?"

"எங்க கடையிலயும் இதெல்லாம் உண்டு சார்" என்றார் அய்யாதுரை மெல்ல. "இன்ன வீட்டுல கல்யாணத்துக்கு என்ன விலையில எடுத்தாங்கன்னு சம்பந்தி வீட்டுல வந்து கேப்பாங்க. எங்களுக்கு ஞாபகம் இல்லைம்பேன். அவ்வளவுதான், அதுக்குன்னு தனி மாடியெல்லாம் கெடையாது."

"அற்புதம். அது அந்தக்காலத்து முறை" என்று ராமானுஜம் அவர் தோளில் கைபோட்டு, கேமராவுக்காக மறுபக்கம், இடது பக்கம், வந்து நின்றார். நின்றுகொண்டு நீளமாக ஏதோ கேட்டார். முகம் மலர்ந்திருந்தது.

அய்யாதுரைக்குக் காற்று வீசியது.

கல்லாவில் பழகிய பழக்கம், கண்ணுகளா. தலையை ஆட்டிவிட்டார்.

உடனே பொன்னாடை வந்தது. தோளில் விழுந்ததுமே அது பட்டில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பொன்னாடை போர்த்தினால் காரியம் முடிந்தது என்றுதானே நம் ஊரில் அர்த்தம்? கும்பிட்டுவிட்டு இறங்கினார். அவர் தலையாட்டியது எதற்கென்று படியில் மாளவிகாதான் சொன்னாள், வலது பக்கம் வந்து: "ரொம்ப நன்றி சார். உங்க கதையைப் போட்டோவோட வெளியிட சம்மதிச்சதுக்கு. அந்தரங்க வாரச் சிறப்புக் கட்டுரை, நாளைக்கு."

"நான் எப்பம்மா சம்மதிச்சேன்?"

"தலை ஆட்டினீங்களே சார். வீடியோ இருக்கு." அந்தப் பெண்ணுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வாபஸ் வாங்கலாம். அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்…" என்று இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஆடித் தள்ளுபடியின் முதல் நாள். காலையிலேயே ஜவுளி வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. அய்யாதுரையின் படம், பொன்னாடையோடு. மேலே தலைப்பு: 'தி.நகர் ஜவுளி அதிபர் இத்தனை நாள் மறைத்த ரகசியம் இதுதான்.' பட்டணவிளக்கு எதையும் தலைப்பில் சொல்வதில்லை. உள்ளே வந்து பார் என்றுதான் கூப்பிடும். கல்லாவில் உட்கார்ந்திருந்த அய்யாதுரை கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். வாசல் நாற்காலியை ஒரு தடவை பார்த்தார்.

சந்து முழுக்க ரகசியத்தைத் தொட்டது. சந்து முழுக்கப் பலகை வந்து மறித்தது. 'உங்கள் அந்தரங்கத்தை உயிராக மதிக்கிறோம்.' பச்சையை அழுத்தினால், அறிவிப்புகள் அனுப்பவா என்றது. அதையும் தள்ளினால், செயலியை இறக்கு என்றது. அதற்கும் அப்பால் திருவான்மியூருக்குத் தெற்கே மனை விற்கிற ஒருவர் பாடிக்கொண்டே வந்தார், அவரை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு இருந்தது, தொட்டால் மனைக்கே கூட்டிப் போனது. எல்லாம் தாண்டியவர்களிடம், மீதியைப் படிக்கச் சந்தா கட்டு அல்லது உன் மின்னஞ்சலைக் கொடு என்றது. பாத்திரக்கடைக்காரர் அதோடு விட்டார். வளையல் கடைக்காரர் விட்டார். ஆனந்தகுமாரும், "சந்தா கேக்குறான்ப்பா, நீங்களே சொல்லிடுங்க, என்ன ரகசியம்?" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. பதில் கேட்க அவனுக்கு நேரமில்லை.

படிக்க முடியாதவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அய்யாதுரை வேளச்சேரியில் சத்தமில்லாமல் இரண்டாவது கடை பிடித்துவிட்டாராம். மதியத்துக்குள் காஞ்சிபுரத்து நெசவுக்காரர்கள் போன் போட்டு நலம் விசாரித்தார்கள். பட்டணவிளக்கு எழுநூறு பேருக்குக் கொடுத்த ரகசியத்தை, பட்டணவிளக்கின் பலகைகளே சந்துக்குத் தெரியாமல் காத்து நின்றன. பிறந்த நாள் முதலாக அந்தத் தளம் ஒரு வாசகரின் அந்தரங்கத்தைக் காத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் தெரியாமல்.

ஒரே ஒருத்தி படித்தாள்.

பங்கஜம் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, அந்தக் கூட்டாளிகளின் நியாயமான அக்கறையை ஒவ்வொன்றாக அணைத்தாள். மனைக்காரரை மூடினாள். சந்தாவையும் கட்டினாள். உள்ளே போய், எழுத்து விடாமல் படித்தாள்.

அன்று கடை மூடி வந்த அய்யாதுரை சாப்பிட உட்கார்ந்தபோது, வழக்கமாக இடது பக்கம் நின்று பரிமாறுகிறவள் இலையைச் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். அவர் பிசைந்துகொண்டிருந்த சோற்றை இலையிலேயே விட்டார்.

"எல்லாம் படிச்சிட்டியா?"

"படிச்சேன். போட்டோவுல தோளைக் குறுக்கிக்கிட்டு நிக்கிய, துண்டைத் திருடுனவுக மாதிரி."

"ஆனந்துகிட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க காது." ரசத்தை ஊற்றினாள். "ஊர்ல எவன் எவனோ உங்க காதை எடுத்து எவன் எவனுக்கோ குடுத்துட்டான். நானும் ஒருத்தியா அதைச் செய்யவா? நீங்க வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அது உங்க விஷயம். மத்தவன் சொன்னா அது செய்தி."

"வாசல்ல சேரு போட்டுருக்கான் பங்கஜம்."

"இருக்கட்டும். அது யாருக்குன்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் கடை திறந்ததும், சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அய்யாதுரை மகனை வலது பக்கம் நிறுத்திச் சொன்னார். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. ஆனந்தகுமார் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதான் அந்தக் காதா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு, "ஏன்ப்பா சொல்லல?"

"அந்தச் சேரு."

"எந்தச் சேரு?" மகனுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, வர்றவங்களுக்குன்னுதானே அன்னைக்கே சொன்னேன்? அம்மாங்க சேலை எடுக்கிற வரைக்கும் கூட வர்ற ஆம்பளைங்க நின்னுக்கிட்டே செத்துப்போறாங்க."

கரீமுல்லா பின்னாலிருந்து, "மொதலாளி, இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வலது பக்கமாத் தண்ணி குடிச்சிருப்பேனே" என்றார். "தை மாசத்துலேருந்து எவ்வளவு கேட்டாலும் சரின்னு தலையாட்டுறீங்களேன்னு, உங்களுக்கு ஏதோ பெரிய மனசு வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

அன்றைக்கே கல்லா மேஜையைத் திருப்பிப் போட்டார்கள். வலது காது சேலைப் பக்கம், இடது காது சுவர்ப் பக்கம். அடுத்த வாரம் அய்யாதுரை பாண்டி பஜாரில் ஒரு கடையில் நேரில் போய் மிஷின் வாங்கினார். போன் நம்பர் சொல்லுங்க சார் என்றார்கள். ஞாபகம் இல்லை என்றார்.

ஆடித் தள்ளுபடி முழுக்க அந்த மெத்தை நாற்காலி காலியாகவே இருக்கவில்லை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர். உட்கார்ந்ததும் போனை எடுப்பார்கள். ஏதோ ஒரு செய்தியைத் தொடுவார்கள். பச்சை வரும். படிக்காமல், நிமிராமல், கட்டைவிரலால் ஓர் அழுத்து. கல்லாவிலிருந்து பார்த்தால் அவர்கள் தலை லேசாக ஆடுவதும் தெரியும். அய்யாதுரை இப்போது எல்லாவற்றையும் நன்றாகக் கேட்கிறார். அவர்களைப் பார்க்கும்போது மட்டும் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

போனை இனி நிமிர்த்திக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் விளக்கு நிறைந்து எரியட்டும். அடுப்படியில் பேசியது அடுப்படியிலேயே வெந்து தீரட்டும். சொல்ல நினைத்ததை உரியவரிடம் உங்கள் வாயாலேயே சொல்கிற தைரியமும், அதைக் காதில் வாங்கிக்கொள்ள இடம் மாறி வந்து உட்காருகிற ஒரு மனசும், உங்கள் வீட்டில் தலைமுறைக்கும் குறையாமல் இருக்கட்டும்.